டீச்சிங் போர்ட்ஃபோலியோ: 340 பக்கம் ஆகிவிட்டது, இன்னும் எதைச் சேர்ப்பது?

கேள்வி, பிப்ரவரி 3

பதவி உயர்வு விண்ணப்பத்தோடு டீச்சிங் போர்ட்ஃபோலியோவும், அதாவது கற்பித்தல் பணிக்கான சான்றுத் தொகுப்பும், கேட்டிருக்கிறார்கள். மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் துறையில் 11 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். நடத்திய வகுப்புகளின் அட்டவணை, பவர்பாயின்ட் ஸ்லைடுகளின் அச்சு, பயிலரங்குச் சான்றிதழ்கள், மாணவர் ஃபீட்பேக் படிவங்கள் எல்லாம் சேர்த்து 340 பக்கம் வந்துவிட்டது. இன்னும் எதைச் சேர்த்தால் முழுமையாகும்? மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். கற்பித்தலைத் தாளில் காட்ட முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

பதில், பிப்ரவரி 3, இரவு

எதையும் சேர்க்காதீர்கள் சார். இருப்பதிலிருந்து எடுக்க ஆரம்பியுங்கள். 340 பக்கத்தைக் குழுவில் ஒருவரும் படிக்க மாட்டார். 8 முதல் 10 பக்கத்துக்கு உங்கள் சொந்த எழுத்து, அதற்குப் பின்னால் அதைத் தாங்கும் இணைப்புகள், அவ்வளவுதான் தேவை. ஸ்லைடு அச்சுகளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இன்று எனக்கு டியூட்டி. நாளை விரிவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 4

நான் பொது மருத்துவத் துறை. என் முதல் போர்ட்ஃபோலியோவும் உங்களுடையதைப் போலவேதான் இருந்தது. கனமான ஃபைல், வண்ணப் பிரிப்புத் தாள்கள், லேமினேட் செய்த சான்றிதழ்கள். நேர்காணலில் வெளியிலிருந்து வந்திருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினார். பிறகு கேட்டார்: "நீங்கள் எவ்வளவு உழைத்திருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. உங்களிடம் படித்தவர்கள் என்ன கற்றார்கள் என்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

அப்படி ஒரு பக்கமே அதில் இல்லை. அந்த வருடம் பதவி உயர்வும் கிடைக்கவில்லை. பல வாரம் கோபம் அடங்கவில்லை. வார்டில் மணிக்கணக்காக நின்று சொல்லிக் கொடுத்ததெல்லாம் வீணா என்று இருந்தது. பிறகு ஒரு நாள் அதே ஃபைலை எடுத்து, எனக்கு முன்பின் தெரியாத ஒருவருடைய ஃபைலாக நினைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். அவர் கேட்டது நியாயம்தான். நான் எந்த அறையில், எத்தனை மணிக்கு, எந்தத் தலைப்பில் பேசினேன் என்பது மட்டும் அதில் இருந்தது. எதிரில் யாராவது இருந்தார்களா என்பதுகூடத் தெரியவில்லை.

இரண்டாவது முறை 9 பக்கம் எழுதினேன். நான் பொறுப்பேற்ற பிறகு எங்கள் பிரிவில் கிளினிக்கல் தேர்வில் தேறியவர்களின் விகிதம் கூடியதை ஒரு வரைபடமாகப் போட்டேன். அது நன்றாக எடுபட்டது. உங்களிடமும் அப்படி ஏதாவது எண் இருந்தால் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

பிப்ரவரி 6

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால், எதை வைப்பது, எதை விடுவது என்பதும் பாதி தெரிந்துவிடும். கனடாவின் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் 1980-ல் இதற்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஆய்வுக் கட்டுரைகளை எண்ணியே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டிருந்த இடங்களில், கற்பித்தலுக்கும் கையில் பிடித்துக் காட்டக்கூடிய சான்று வேண்டும் என்பதுதான் அதன் தேவை. பிறகு 1990-ல் கார்னகி அறக்கட்டளைக்காக எர்னஸ்ட் பாயர் எழுதிய அறிக்கை வந்தது. புதிதாகக் கண்டுபிடிப்பது, பல துறை அறிவை இணைப்பது, நடைமுறையில் பயன்படுத்துவது, கற்பிப்பது ஆகிய நான்கும் புலமைதான் என்றது அது.

சரி, கற்பித்தலும் புலமை என்றால் அதை எதை வைத்து அளப்பது? 1997-ல் கிளாசிக்கும் அவருடைய சகாக்களும் அதற்கு ஆறு அளவுகோல்கள் சொன்னார்கள். நோக்கம் தெளிவாக இருக்க வேண்டும், போதிய தயாரிப்பு வேண்டும், முறை பொருத்தமாக இருக்க வேண்டும், குறிப்பிடும்படியான விளைவு வேண்டும், அதைப் பிறருக்கு நன்றாக எடுத்துச் சொல்ல வேண்டும், கடைசியாக, செய்ததைத் தானே விமர்சித்துப் பார்த்திருக்க வேண்டும். நம்மில் பலருடைய ஃபைலில் இரண்டாவது மட்டும் நிரம்பி வழியும். நான்காவதும் ஆறாவதும் காலியாக இருக்கும். என்னிடம் அந்தப் பேராசிரியர் கேட்டது நான்காவதைத்தான்.

பிப்ரவரி 6, சற்று பிறகு

மருத்துவக் கல்விக்கென்றே அமைந்த சட்டகம் ஒன்று உண்டு என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2006-ல் நடத்திய கருத்தொருமைப்பாட்டு மாநாட்டில் ஆசிரியர் பணியை ஐந்தாகப் பிரித்தார்கள்: கற்பித்தல், பாடத்திட்டம் உருவாக்குதல், மாணவர்களுக்கு வழிகாட்டுதல், கல்விப் பொறுப்புகளைத் தலைமையேற்று நடத்துதல், மாணவர் மதிப்பீடு. ஒவ்வொன்றிலும் எவ்வளவு செய்தீர்கள், எவ்வளவு நன்றாகச் செய்தீர்கள், கல்வித் துறையின் மற்றவர்களோடு எப்படிக் கொடுத்து வாங்கினீர்கள் என்று மூன்றையும் காட்ட வேண்டும்.

ஐந்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்பது இல்லை. நான் பாடத்திட்டக் குழுவில் இருந்ததே கிடையாது. அந்தத் தலைப்பையே விட்டுவிட்டேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு தலைப்பில் ஆழமாக எழுதினால் போதும்.

பிப்ரவரி 9

"கற்பித்தல் தத்துவம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள், என்ன எழுதுவது?" என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான போர்ட்ஃபோலியோக்கள் தடுமாறும் இடம் இது. "மாணவரை மையமாகக் கொண்ட கற்பித்தலில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஒவ்வொரு மாணவரும் தனித்துவமானவர்." நானும் இப்படித்தான் எழுதியிருந்தேன். பெயரை அழித்துவிட்டால் எந்தத் துறையின் எந்த ஆசிரியருக்கும் அது பொருந்தும்.

தத்துவத்தில் தொடங்காதீர்கள். உங்கள் மாணவர்கள் வருடந்தோறும் தவறாமல் இடறி விழும் ஓர் இடத்தில் தொடங்குங்கள். எனக்கு அந்த இடம் ஈரல்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஈரல் விளிம்பைக் கண்டுபிடிக்கும் முறையை இரண்டாம் வருடத்திலேயே மனப்பாடமாகச் சொல்வார்கள். வார்டுக்கு வந்தால் கை கேட்காது. நோயாளி மூச்சை இழுப்பார், அதே நேரத்தில் மாணவர் கையையும் மேலே நகர்த்துவார். ஈரல் கீழே இறங்கி வரும் நேரத்தில் விரல் அதற்காகக் காத்திருக்க வேண்டும். மூச்சை விடும்போதுதான் கை ஒரு விரற்கடை மேலே போக வேண்டும். இவர்கள் இரண்டையும் ஒன்றாகச் செய்வதால் விளிம்பு விரலுக்கு அடியில் நழுவிவிடும். "எதுவும் தட்டுப்படவில்லை மேடம்" என்பார்கள். எத்தனையோ வருடம் நான் முறையை இன்னொரு தடவை வாயால் சொன்னேன். ஒரு மாற்றமும் இல்லை.

ஒரு நாள் ஒரு மாணவியின் கைமேல் என் கையை வைத்தேன். நோயாளி மூச்சை இழுக்கும்போது அவள் விரல்களை அசையவிடாமல் பிடித்துக்கொண்டேன். "காத்திரு" என்றேன். மூன்றாவது மூச்சில் அவள் முகம் மாறியது. விளிம்பு வந்து விரலைத் தொட்டுவிட்டுப் போனது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து நான் அதை வாயால் விளக்குவதில்லை. முதலில் கை, பிறகு பேச்சு.

என் தத்துவப் பக்கம் இந்தச் சம்பவம்தான். அதற்குக் கீழே நான்கு வரி: உடலால் செய்ய வேண்டியதை உடலின் வழியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அதிலிருந்து புரிந்துகொண்டேன், இதனால் என் வகுப்பு எப்படி மாறியது, ஒரு நோயாளியை எத்தனை மாணவர் தொடலாம் என்பதற்கு நான் வைத்த வரம்பு என்ன, அதை நோயாளியிடம் எப்படிக் கேட்டு அனுமதி வாங்குகிறேன். வேறு எதுவும் எழுதவில்லை.

பிப்ரவரி 10

"என்னிடம் நோயாளியே இல்லையே, நான் உடலியங்கியல்." சரி, உங்கள் ஈரல் எது? ஆக்சிஜன் பிரிகைக் கோடா, ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எப்போது பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்று காட்டுமே, அதுவா?

பிப்ரவரி 12

நீங்கள் பதிலில் எழுதியது அருமை. வகுப்பு முடிந்ததும் "இன்று புரியாதது எது?" என்று துண்டுச் சீட்டில் எழுதி வாங்கியதில், ஒரே வகுப்பில் 14 பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: "கோடு வலப்பக்கம் நகர்ந்தால் நல்லதா, கெட்டதா?" ஹீமோகுளோபினோடு ஆக்சிஜன் ஒட்டுவது குறைகிறது என்றால் அது கெட்டது என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. உழைக்கும் தசைக்கு ஆக்சிஜன் எளிதாகக் கிடைக்கத்தானே அது குறைகிறது என்ற இடம் அவர்களுக்கு வந்து சேரவில்லை. கோட்டை நுரையீரல் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வருடம் நீங்கள் தசையிலிருந்து தொடங்கினீர்கள். ஓடும் ஒருவரின் கால் சூடாகிறது, அங்கே அமிலம் சேருகிறது, அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, பிறகுதான் கோட்டை வரைந்தீர்கள்.

அந்த 14 சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்பதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். உங்கள் 340 பக்கத்தில் அவை இல்லவே இல்லை, மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. ஸ்கேன் செய்யுங்கள். இணைப்பு 1 அதுதான். மாற்றத்துக்குப் பிறகு வந்த வகுப்பின் சீட்டுகள் இணைப்பு 2. நடுவில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு பத்தி. கற்பித்தலைத் தாளில் காட்ட முடியாது என்றீர்களே, இதோ காட்டிவிட்டீர்கள்.

பிப்ரவரி 15

ஃபீட்பேக் படிவங்கள் பற்றி. ஐந்துக்கு 4.6 என்று சராசரி போட்டு ஒரு பக்கம் முழுக்க வைத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

டாக்டர் ஃபாக்ஸ் கதை தெரியுமா? 1970-ல் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகருக்கு ஒரு உரையைப் பழக்கிக் கொடுத்து, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாட்டின் பயன்பாடு பற்றிப் பேச வந்த நிபுணர் என்று அறிமுகப்படுத்தி மேடையேற்றினார்கள். ஒன்றுக்கொன்று முரண்படும் வாக்கியங்கள், இல்லாத சொற்கள், தொடர்பில்லாத நகைச்சுவை. ஆனால் பேசிய விதம் அவ்வளவு நயம். மனநல மருத்துவர்களும் கல்வியாளர்களுமாக மூன்று குழுவில் மொத்தம் 55 பேர் அந்த உரையை நேரிலோ ஒளிப்பதிவிலோ பார்த்து மதிப்பெண் போட்டார்கள். பெரும்பாலும் நல்ல மதிப்பெண்தான். கட்டுரை 1973-ல் வெளிவந்தது. கேட்டவர்கள் எல்லோரும் படித்தவர்கள், அனுபவசாலிகள். நம் முதலாண்டு மாணவர்கள் எம்மாத்திரம்?

பிறகு 2017-ல் யுட்லும் சகாக்களும் இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து மறுபடி அலசினார்கள். மாணவர் ஆசிரியருக்குப் போடும் மதிப்பெண்ணுக்கும் அந்த மாணவர் கற்றதற்கும் ஏறக்குறையத் தொடர்பே இல்லை என்று வந்தது.

ஆகவே அந்த 4.6 எதையும் நிரூபிக்கவில்லை.

பிப்ரவரி 16

நேற்று எழுதியதில் கடுமை கூடிவிட்டது. காலையில் மறுபடி படித்தேன். பாதி திருத்த வேண்டும்.

மாணவருடைய மதிப்பெண் அவர் கற்றதைக் காட்டாது என்றால், மாணவருடைய வார்த்தையும் பயனற்றது என்று ஆகிவிடாது. அவரால் நிச்சயமாகச் சொல்லக்கூடியவை இருக்கின்றன. நீங்கள் நேரத்துக்கு வந்தீர்களா, கேள்வி கேட்டால் மதித்துப் பதில் சொன்னீர்களா, குரல் கடைசி வரிசைக்குக் கேட்டதா, வார்டில் எல்லோர் எதிரிலும் யாரையாவது கூனிக் குறுகச் செய்தீர்களா. இதற்கெல்லாம் அவரை விட நல்ல சாட்சி கிடையாது. கடைசியாகச் சொன்னது மருத்துவக் கல்லூரியில் சின்ன விஷயமே இல்லை.

அதனால் 4.6-ஐ ஒரு வரியாகச் சுருக்குங்கள். எத்தனை பேரில் எத்தனை பேர் படிவம் நிரப்பினார்கள் என்பதையும் அதே வரியில் சொல்லுங்கள். அப்புறம், மாணவர்கள் சொந்த வார்த்தையில் எழுதியதைப் படித்து, திரும்பத் திரும்ப வரும் ஒரு குறையை எடுங்கள். புகழ்ச்சிகளை மட்டும் பொறுக்கி வைத்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். எனக்கு வந்த குறை: "மேடம் சுலபமான கேள்வியை எப்போதும் முதல் வரிசையிடமே கேட்கிறார்." உண்மை. பெயர்ச் சீட்டைக் குலுக்கி எடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். அந்தக் குறையும் அதற்கு நான் செய்ததும் என் போர்ட்ஃபோலியோவில் இருக்கின்றன.

பிப்ரவரி 19

பிப்ரவரி 4 அன்று எழுதியதில் ஒரு பிழை. இத்தனை நாள் அது உறுத்திக்கொண்டே இருந்தது, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

தேர்ச்சி விகித வரைபடம் எடுபட்டது என்றேன். எடுபட்டது உண்மை. ஆனால் அந்த ஏற்றத்தின் காரணம் நான் மட்டும் அல்ல. நான் பொறுப்பேற்ற அதே வருடம்தான் நீண்ட கேஸுக்குப் பதிலாக (ஒரே நோயாளியை நெடுநேரம் பரிசோதித்து விளக்கும் தேர்வு) ஆஸ்கி முறைக்கு மாறினோம், அதாவது பல நிலையங்களில் சுற்றிச் சுற்றிச் செய்துகாட்டும் தேர்வு. 1975-ல் ஹார்டன் விவரித்தது, இன்று உலகம் முழுக்க நடப்பது. தேர்வின் அமைப்பு மாறினால் மதிப்பெண்களும் மாறத்தான் செய்யும். விகிதம் கூடியதில் என் பங்கு எவ்வளவு, தேர்வு முறையின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துக் காட்ட முடியாது. அப்போது எனக்கு அது தோன்றவில்லை. துறையில் கூட இருக்கும் ஒருவர் பின்னாளில் அமைதியாகச் சுட்டிக்காட்டினார். வரைபடத்தை எடுத்துவிட்டேன்.

ஆகையால் "எண் இருந்தால் முதல் பக்கத்தில் வையுங்கள்" என்ற யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். அந்த எண்ணுக்கு வேறு காரணம் எதுவும் இருக்க முடியாது என்று நீங்களே குறுக்கு விசாரணை செய்து பார்த்த பிறகு வையுங்கள். பெரிய எண்ணை விட, கண்ணால் பார்த்த சிறிய விஷயம் மேல். இப்போது என் வரைபடம் இருந்த இடத்தில், கை வைத்துக் காட்டுவதற்கு முன்னும் பின்னும் 10 மாணவர்களை ஒரே செக்லிஸ்ட் வைத்துக் கவனித்த அட்டவணை இருக்கிறது. "மூச்சை இழுக்கும்போது கை அசையவில்லை" என்பது ஒரு வரி. முன்னால் 2 பேர், பின்னால் 8 பேர். 10 பேர் என்பது பெரிய எண்ணிக்கை அல்ல என்பதையும் கீழேயே எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 19, மறுபடி

விளைவு என்பதிலும் படிகள் உண்டு. கிர்க்பேட்ரிக் 1959-ல் சொன்ன நான்கு: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, அதனால் பலன் கிடைத்ததா. ஃபீட்பேக் படிவம் முதல் படி. உங்கள் சீட்டுகள் இரண்டாவது. என் செக்லிஸ்டை மூன்றாவது என்று எழுதியிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் இரண்டாவதுதான். நான் பக்கத்தில் நிற்கும்போது செய்துகாட்டுகிறார்கள். நான் இல்லாத இரவு டியூட்டியில் அதே கை அப்படிப் பார்க்கிறதா என்பதுதான் மூன்றாவது. மருத்துவத் திறனை மதிப்பிட மில்லர் 1990-ல் வரைந்த பிரமிடிலும் இதே வேறுபாடுதான்: செய்துகாட்டுவது ஒரு படி, நிஜத்தில் செய்வது அதற்கும் மேலே. இருக்கும் படியைச் சரியாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஒரு படி ஏற்றிச் சொன்னால் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார், அதற்குப் பிறகு மற்ற பக்கங்களையும் சந்தேகத்தோடு படிப்பார்.

பிப்ரவரி 23

வேறொருவர் உள்ளே வந்து "கேள்வித்தாள் தயாரிப்பதையெல்லாம் கற்பித்தல் என்று போடலாமா?" என்று கேட்டிருக்கிறார். தாராளமாக. ஆசிரியர் பணியை ஐந்தாகப் பிரித்ததைச் சொன்னேனே, மதிப்பீடு அந்த ஐந்தில் ஒன்று. ஆனால் "200 கேள்விகள் தயாரித்தேன்" என்று எண்ணிக்கையோடு நிறுத்தினால் பயனில்லை.

என்னுடைய ஒரு கேள்வியைச் சொல்கிறேன். நெஞ்சு வலியோடு ஒருவர் அவசரப் பிரிவுக்கு வருகிறார், முதலில் என்ன செய்வீர்கள்? நான்கு விடைகள். நான் குறித்திருந்த விடை ஆஸ்பிரின். தேர்வு முடிந்து ஐட்டம் அனாலிசிஸ், அதாவது ஒவ்வொரு கேள்விக்கும் மாணவர்கள் எப்படி விடை எழுதினார்கள் என்ற அலசல், பார்த்தபோது அந்தக் கேள்வியின் பிரித்தறியும் குறியீடு எதிர்மறையாக வந்தது. மொத்த மதிப்பெண்ணில் மேல்வரிசையில் இருப்பவர்களில் எத்தனை பங்கு பேர் சரியாக எழுதினார்கள், கீழ்வரிசையில் எத்தனை பங்கு என்பதன் வித்தியாசம்தான் அந்தக் குறியீடு. எதிர்மறை என்றால் நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்ட கேள்வியை, படிக்காதவர்கள் சரியாகப் போட்டிருக்கிறார்கள். விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தேன். நன்றாகப் படிப்பவர்கள் எல்லோரும் இசிஜி என்று போட்டிருந்தார்கள். வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். தவறு என் கேள்வியில்.

அந்தக் கேள்வியை மதிப்பெண்ணிலிருந்து நீக்கினோம். மறுவருடம் நோயாளியின் நிலையை இன்னும் மூன்று வரி விவரித்து, இசிஜி ஏற்கனவே எடுத்தாகிவிட்டது என்று மாற்றி எழுதினேன். பழைய கேள்வி, குறியீடு, புதிய கேள்வி, புதிய குறியீடு. ஒரே பக்கம். 200 கேள்விகளின் பட்டியல் சொல்லாத ஒன்றை அந்தப் பக்கம் சொல்கிறது.

பிப்ரவரி 24

ஒரு எச்சரிக்கை, இதைத் தள்ளிப்போடக் கூடாது. நேற்று ஒரு மாதிரிப் போர்ட்ஃபோலியோவைப் பார்க்கக் கொடுத்தார்கள். வார்டில் பாடம் எடுக்கும் புகைப்படம். பின்னால் நோயாளியின் முகம் தெளிவாகத் தெரிகிறது, கட்டில் தலைமாட்டில் பெயர்ப் பலகையும். நோயாளி சிகிச்சைக்கு வந்தவர். நம் பதவி உயர்வு ஃபைலில் இடம்பெற அவர் சம்மதிக்கவில்லை. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களின் மூலையில் பெயரும் எண்ணும் இருக்கும், அதையும் பாருங்கள். மாணவர்களும் அப்படித்தான். சீட்டுகளில் கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்றால் தட்டச்சு செய்து வையுங்கள். பெயர் சொல்லி நன்றி மின்னஞ்சல் அனுப்பிய மாணவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 1

உங்கள் முதல் கருத்தைப் பற்றி மறுபடி யோசித்துக்கொண்டிருந்தேன், வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் என்றது. சீட்டுகளை வைத்து அதைத் தோற்கடித்துவிட்டதாக எழுதினேன். அவ்வளவு சுலபமாக விட்டிருக்கக் கூடாது. மாணவியின் முகம் மாறியதை நான் எவ்வளவு எழுதினாலும் பார்த்தவருக்குத் தெரிந்தது படித்தவருக்குத் தெரியாது. கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் மௌனமாகக் காத்திருக்கிறீர்கள் என்பது எந்த இணைப்பிலும் வராது.

அதற்காகத்தான் சக ஆசிரியரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்வது. மூன்று கட்டமாகச் செய்யுங்கள். வகுப்புக்கு முன்னால் 15 நிமிடம் உட்கார்ந்து, எதைக் கவனிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். வகுப்பில் அவர் பேசாமல் குறிப்பெடுக்கட்டும். அதே நாளில் பேசிவிடுங்கள். எச்ஓடி (துறைத் தலைவர்) வந்து பார்த்தால் அது இன்ஸ்பெக்ஷன் ஆகிவிடும், சம நிலையில் இருப்பவர்தான் நல்லது. வேறு துறை என்றால் இன்னும் நல்லது. என் வகுப்பை உடற்கூறியல் ஆசிரியர் ஒருவர் பார்த்தார். மருத்துவ விவரங்களில் அவர் கவனம் போகவில்லை, நான் மாணவர்களிடம் நடந்துகொண்டதை மட்டும் பார்த்தார். "கேள்வி கேட்கிறீர்கள், உடனே நீங்களே பதிலும் சொல்கிறீர்கள்" என்று எழுதிக் கொடுத்தார். நான் நம்பவில்லை. ஒலிப்பதிவு செய்து கேட்டேன். கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை.

அதற்குப் பிறகுதான் ஐந்து படிச் சிறு வழிமுறையைப் பழகினேன், நேஹரும் சகாக்களும் 1992-ல் எழுதியது. மாணவரை முதலில் ஒரு முடிவு சொல்ல வைப்பது, அதற்கு ஆதாரம் கேட்பது, பொது விதி ஒன்றைச் சொல்லிக் கொடுப்பது, சரியாகச் செய்ததை எடுத்துச் சொல்வது, தவறைத் திருத்துவது. முதல் படியிலேயே நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருப்பதால் எனக்கு அது மருந்தாக இருந்தது. அந்த ஆசிரியரின் கடிதம், கடுமையான வரியோடு அப்படியே, என் இணைப்பு 3.

மார்ச் 5

சுருக்கமாக: ஆய்வுக் கட்டுரை எழுதினால்தான் கல்விப் புலமையா என்ற கேள்விக்கு, இல்லை. நீங்கள் உருவாக்கிய பயிற்சியை வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தும்படி, பிறர் சரிபார்க்கும்படி வெளியிட்டால் அதுவும்தான். இதற்கென்றே மெட்எட்போர்ட்டல் என்ற மருத்துவக் கல்வி இணைய இதழ் 2005 முதல் இருக்கிறது, சக வல்லுநர் மதிப்பாய்வோடு. பக்கத்துக் கல்லூரி உங்கள் தசை வகுப்பின் திட்டத்தை வாங்கி நடத்தினால் அவர்களிடமிருந்து இரண்டு வரி கடிதம் வாங்கி வையுங்கள்.

மார்ச் 8

இரண்டு ஃபைல் வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒன்று உங்களுக்கு. சீட்டு, செக்லிஸ்ட், சொதப்பிய வகுப்பு, கோபத்தில் எழுதிய குறிப்பு எல்லாம் அதில் போகலாம், ஒழுங்கே வேண்டாம். தேதி மட்டும் கட்டாயம் போடுங்கள். இன்னொன்று குழுவுக்கு, முதல் ஃபைலிலிருந்து தேர்ந்தெடுத்தது. விண்ணப்பத் தேதி அறிவித்த பிறகு தொடங்கினால் இரண்டாவது மட்டும்தான் இருக்கும், அதில் சான்றிதழ்கள்தான் இருக்கும். நான் வெள்ளிக்கிழமை வார்டை விட்டுக் கிளம்பும் முன் அந்த வாரத்தில் ஒரு வகுப்பைப் பற்றி ஐந்து வரி எழுதுகிறேன். எழுதாத வாரங்களும் உண்டு.

மார்ச் 14

340 பக்கம் 10 பக்கமும் 4 இணைப்புகளும் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தேன். ஆக்சிஜன் பத்தி நன்றாக வந்திருக்கிறது, கை வைக்காதீர்கள். சான்றிதழ்கள் அரைப் பக்கப் பட்டியலானது சரி.

கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். சிறுநீரக வகுப்பையும் அதே மாதிரி மாற்றிப் பார்த்தீர்கள், சீட்டுகளில் குழப்பம் கூடத்தான் செய்தது, பழைய முறைக்கே திரும்பிவிட்டீர்கள். அதைப் போடலாமா? போடுங்கள். ஆறாவது அளவுகோலுக்கு, அதாவது தன்னைத் தானே விமர்சித்துப் பார்ப்பதற்கு, உங்களிடம் இருக்கும் மிக நல்ல சான்று அதுதான். ஆனால் இப்போது எழுதியிருப்பது போல "மாணவர்களின் அடிப்படை போதவில்லை" என்று முடிக்காதீர்கள். சீட்டுகளை மறுபடி படித்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய ஏழு சீட்டில் ஐந்தில் "எதிரோட்டம்" (சிறுநீரகக் குழாய்களில் திரவம் எதிரெதிர்த் திசையில் ஓடுவது) என்ற சொல்லே வருகிறது. சோடியம் எங்கே போகிறது, தண்ணீர் எங்கே போகிறது என்று இரண்டையும் ஒரே படத்தில் ஒரே நேரத்தில் வரைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பலகையில் வரைந்ததை யாராவது மாணவர் போனில் படம் எடுத்திருப்பார், கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்துக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. படம் கிடைத்ததும் எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.